வீடு புகுந்து திருடினால் 14 வருஷம் ஜெயில்: சட்டத்தில் இருக்கு... நடைமுறையில் ஏன் இல்லை?

மதுரை:

பூட்டிய வீட்டின் கதவை உடைத்து நகை கொள்ளை, பீரோவை நெம்பி பணம் திருட்டு, மொட்டை மாடி வழியாக இறங்கி மர்ம ஆசாமிகள் கைவரிசை... சாயங்காலப் பேப்பரைப் புரட்டினால் இப்படி ஒரு செய்தி இல்லாத நாள் அபூர்வம். செல்லூர், ஆனையூர், வில்லாபுரம், திருநகர், ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம் என்று ஏரியா பெயர் மட்டும்தான் மாறும்.

படிக்கிறவர்கள் சொல்வதும் மாறுவதில்லை. "பிடிக்கிறாங்க, உள்ள போடுறாங்க, ஆறு மாசத்துல வெளிய வந்துர்றான். பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்னு தூக்கிப் போட்டாத்தான் இவனுங்க அடங்குவானுங்க!" டீக்கடை பெஞ்சில் கிடைக்கும் தீர்ப்பு இதுதான்.

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கட்டிட வேலைக்குப் போய், பூக் கட்டி, சீட்டுப் போட்டு, குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்த நகை அது. மகள் கல்யாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரி செலவுக்கும் அதுதான். நம் ஜனங்களுக்கு பீரோவில் இருக்கிற நாலு பவுன்தான் பேங்க், அதுதான் இன்சூரன்ஸ். ஒரே ராத்திரியில் அது போனால் அந்தக் குடும்பம் பத்து வருஷம் பின்னால் போய்விடும். அதற்கு மேல், யாரோ ஒருத்தன் நம் வீட்டுக்குள் நடமாடினான் என்ற பயம் வேறு. பெண்களும் பிள்ளைகளும் மாசக்கணக்கில் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ராத்திரியில் வீட்டை உடைத்துத் திருடினால் 14 வருஷம் வரை ஜெயில் என்று சட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. அப்படியானால் அது ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? தண்டனையை இன்னும் கூட்டினால் திருட்டு குறையுமா? முழு விவரம் வருமாறு:-

சட்டம் என்ன சொல்கிறது?

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமலில் உள்ளது. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த திருட்டுகளுக்கு பழைய சட்டப்படி 380, 454, 457 ஆகிய பிரிவுகளிலேயே வழக்கு நடக்கும். பிறகு நடந்தவற்றுக்கு புதிய பிரிவுகள்:-

* சாதாரண திருட்டு (பிரிவு 303): 3 வருஷம் வரை ஜெயில். இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது 1 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் கடுங்காவல்.

* 5 ஆயிரம் ரூபாய்க்கு குறைவான பொருளை முதல் தடவையாகத் திருடியவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை தண்டனை. இது புதிதாக வந்தது.

* சங்கிலி பறிப்பு (பிரிவு 304): 3 வருஷம் வரை. இதுவும் புதிதாகச் சேர்க்கப்பட்ட தனிப் பிரிவு.

* குடியிருக்கும் வீட்டில் திருட்டு (பிரிவு 305): 7 வருஷம் வரை. கோவில் சிலை திருட்டும் இதே பிரிவில் வருகிறது.

* பகலில் வீட்டை உடைத்து நுழைந்து திருடுவது (பிரிவு 331): 10 வருஷம் வரை.

* அதையே இரவில் செய்தால்: 14 வருஷம் வரை. இரவு என்றால் பொழுது அடைந்ததில் இருந்து பொழுது விடிகிற வரை.

* வீட்டை உடைத்து நுழையும்போது வீட்டாருக்கு கொடுங்காயம் ஏற்படுத்தினால்: 10 வருஷம் அல்லது ஆயுள் தண்டனை வரை.

* 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கொள்ளையடித்தால் (பிரிவு 310): 10 வருஷம் கடுங்காவல் அல்லது ஆயுள் தண்டனை வரை.

பேப்பரில் எல்லாவற்றையும் 'கொள்ளை' என்று போட்டாலும் சட்டத்தில் திருட்டு வேறு, கொள்ளை வேறு. ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் போனால் திருட்டு. அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டிப் பறித்தால்தான் கொள்ளை. 2005-ம் ஆண்டு ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவருடைய வீட்டிலேயே கொள்ளைக் கும்பல் சுட்டுக்கொன்றது நினைவிருக்கலாம். அது கொலையும் கொள்ளையும் சேர்ந்த வழக்கு. அந்த மாதிரி குற்றத்துக்கு சட்டத்தில் தண்டனை எப்போதும் கடுமையாகத்தான் இருக்கிறது. இங்கே கேள்வி, ஆள் இல்லாத வீட்டில் நடக்கும் திருட்டைப் பற்றியது.

பூட்டை உடைத்தால்தான் உடைப்பா?

இல்லை. சுவர் ஏறிக் குதிப்பது, ஜன்னல் வழியாக நுழைவது, கள்ளச் சாவி போட்டுத் திறப்பது, சுவரில் ஓட்டை போடுவது எல்லாமே சட்டப்படி வீட்டை உடைத்து நுழைந்ததாகத்தான் கணக்கு. திறந்து கிடந்த வாசல் வழியாக யாரும் பார்க்காத நேரம் உள்ளே வந்து செல்போனை எடுத்துப் போனால் அது வீட்டில் நடந்த திருட்டு. 7 வருஷம் வரை போகலாம்.

புகார் எழுதும்போது ஆள் எப்படி உள்ளே வந்தான், எந்த நேரம் இருக்கும் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். போடப்படும் பிரிவே அதை வைத்துத்தான் மாறும்.

14 வருஷம் எப்படி 3 வருஷமாகிறது?

முக்கியமான இடம் இதுதான். சட்டத்தில் 'வரை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை நாம் கவனிப்பதில்லை. 14 வருஷம் என்பது அதிகபட்சம். குறைந்தபட்சம் இத்தனை வருஷம் போட்டே ஆக வேண்டும் என்று வீட்டுத் திருட்டுக்குச் சட்டம் சொல்லவில்லை.

அடுத்தது, வழக்கை விசாரிக்கும் கோர்ட்டு. ராத்திரியில் வீட்டை உடைத்துத் திருடிய வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போவதில்லை. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில்தான் நடக்கும். அந்த மாஜிஸ்திரேட்டு ஒரு குற்றத்துக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையே 3 வருஷம்தான். அதற்கு மேல் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் வழக்கை தலைமை ஜுடீசியல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். அவருக்கும் 7 வருஷம்தான் எல்லை. ஆக, சட்டப் புத்தகத்தில் 14 என்று இருந்தாலும், வழக்கமாக விசாரிக்கிறவரின் பேனாவில் இருப்பது 3.

மூன்றாவது, பல வழக்குகளில் ஒரே ஆளுக்குத் தண்டனை வந்தாலும் 'ஏக காலத்தில் அனுபவிக்கலாம்' என்று கோர்ட்டு சொல்வது உண்டு. அப்போது எல்லா தண்டனையும் ஒரே நேரத்தில் ஓடும். அப்படிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. உத்தரபிரதேசத்தில் மின்வாரியப் பொருட்களைத் திருடிய ஒருவருக்கு 9 வழக்குகளில் தலா 2 வருஷம் என்று மொத்தம் 18 வருஷம் ஜெயில் என்றாகிவிட்டது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, தண்டனைகள் ஏக காலத்தில் ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது.

நான்காவது, விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும். 1 வருஷம் உள்ளே கிடந்தவருக்கு 1 வருஷம் தண்டனை வந்தால் அன்றைக்கே விடுதலை. தீர்ப்பு வந்த அன்றே ஆள் தெருவில் நடந்தால் ஜனங்களுக்கு 'தண்டனையே இல்லை' என்றுதான் தோன்றும்.

கடைசியாக ஜாமீன். 'ஆறு மாசத்துல வந்துட்டான்' என்று நாம் சொல்வது பல நேரம் தண்டனை முடிந்து வந்தது அல்ல, ஜாமீனில் வந்தது. 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், குற்றத்தைப் பொறுத்து ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை ஆகிவிடும். கோர்ட்டு மறுக்க முடியாது. இங்கே தாமதம் எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும்.

திரும்பத் திரும்ப திருடினால்?

அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 3 வருஷம் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய திருட்டுக் குற்றத்தில் ஏற்கனவே தண்டிக்கப்பட்டவர், மறுபடியும் அதே மாதிரி குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் 10 வருஷம் வரை, ஏன் ஆயுள் தண்டனை வரைகூட கொடுக்கலாம். இது புதிய சட்டத்தின் 13-வது பிரிவு. பழைய சட்டத்தில் 75-வது பிரிவு.

ஆனால் முந்தைய தண்டனை விவரத்தை போலீசார் குற்றப்பத்திரிகையில் எழுதி, கோர்ட்டில் ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். 'இவன் மேல் 20 வழக்கு இருக்கு' என்று பேட்டி கொடுத்தால் போதாது. 20 வழக்கு நிலுவையில் இருந்தாலும் ஒன்றில்கூட தண்டனை ஆகவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அவர் பழைய தண்டனைக் கைதி அல்ல.

குண்டர் சட்டம் என்று அடிக்கடி படிக்கிறோம். 1982-ம் ஆண்டு தமிழ்நாடு கொண்டு வந்த சட்டம் அது. 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். அது தண்டனை அல்ல, விசாரணை இல்லாத காவல். உத்தரவில் குறை இருந்தால் ஐகோர்ட்டு ரத்து செய்துவிடும். வெளியே வந்த பிறகு பழைய திருட்டு வழக்கு பழையபடியே கோர்ட்டில் நிற்கும்.

கூட்டணும்... வேண்டாம்... இரண்டு பக்க வாதம்

கூட்ட வேண்டும் என்பவர்கள் சொல்வது:- ஜெயிலுக்குள் இருக்கிற வரைக்குமாவது அந்த ஆளால் திருட முடியாது. திருட்டில் பெரும்பகுதி பழைய ஆட்களின் வேலைதான். குறைந்தபட்ச தண்டனை என்று ஒன்று இருந்தால் கோர்ட்டுக்குக் கோர்ட்டு தண்டனை மாறாது. பறிகொடுத்த குடும்பத்துக்கும் ஒரு ஆறுதல் கிடைக்கும்.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது:- திருடப் போகிறவன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போவதில்லை. 'மாட்ட மாட்டோம்' என்ற தைரியத்தில்தான் போகிறான். முதல் தப்பு செய்த 19 வயசுப் பையனைப் பல வருஷம் ஜெயிலில் போட்டால், உள்ளே இருக்கும் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்களிடம் தொழில் கற்றுக்கொண்டு வருவான். நம் நாட்டு ஜெயில்களில் 2022-ம் ஆண்டு கணக்குப்படி நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். தண்டனையைக் கூட்டுவதற்கு முன்னால் தீர்ப்பை வர வையுங்கள்.

முதல் தடவை மாட்டியவர்களுக்காக 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. 21 வயசுக்கு உட்பட்டவர்களை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதபட்சத்தில், கூடுமானவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் திருத்தப் பார்க்க வேண்டும் என்கிறது அது. ஜெயிலுக்கு அனுப்பினால் ஏன் என்று கோர்ட்டு காரணம் எழுத வேண்டும்.

வெளிநாட்டில் செய்து பார்த்தார்கள்

இங்கிலாந்தில் வீடு புகுந்து திருடினால் நம் ஊர் மாதிரியே அதிகபட்சம் 14 வருஷம்தான். 1999-ம் ஆண்டு டிசம்பரில் அங்கே ஒரு விதி அமலுக்கு வந்தது. மூன்றாவது தடவை வீட்டுத் திருட்டில் தண்டிக்கப்பட்டால் குறைந்தது 3 வருஷம் ஜெயில். ஆனால் அந்த வழக்கில் அது அநியாயம் என்று நீதிபதிக்குப் பட்டால் குறைக்கலாம் என்று ஒரு கதவும் வைத்தார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1994-ம் ஆண்டு இதைவிடக் கடுமையாகப் போனார்கள். ஏற்கனவே இரண்டு பெரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் மூன்றாவதாக எந்தக் கிரிமினல் குற்றம் செய்தாலும் 25 வருஷம் முதல் ஆயுள் வரை. வீடு புகுந்து திருடிய பழைய வழக்குகள் இருந்த ஒருவர், கடையில் மூன்று கோல்ப் மட்டைகளைத் திருடியதற்கு இந்த தண்டனை பெற்றார். அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் 2003-ம் ஆண்டு அது செல்லும் என்றது. கடைசியில் 2012-ம் ஆண்டு அதே மாநில மக்களே ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். மூன்றாவது குற்றமும் பெரிய குற்றமாக இருந்தால்தான் அந்த தண்டனை என்று மாற்றினார்கள்.

இத்தாலி நாட்டு பெக்காரியா என்ற அறிஞர் 1764-ம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அல்ல, அது தப்பாமல் வந்து சேரும் என்ற நிச்சயம்தான். அதற்குப் பிறகு குற்றவியல் ஆராய்ச்சியாளர்கள் பலரும் சொல்வது ஏறக்குறைய இதையேதான்.

நம்ம மதுரையிலேயே நடந்தது

வெளிநாடு வரைக்கும் போவானேன்? திருட்டுக்குக் கடும் தண்டனை என்பதை மதுரை மண் ஏற்கனவே பார்த்திருக்கிறது.

சிலப்பதிகாரக் கதை எல்லோருக்கும் தெரியும். சிலம்பு திருடினான் என்று பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் கோவலனின் உயிரை எடுத்தான் பாண்டியன். உண்மைத் திருடன் குற்றம் சொன்ன பொற்கொல்லனேதான். அங்கே தண்டனை குறையவில்லை, விசாரணைதான் இல்லை.

அது கதை. நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் பெரியவர்கள் 'கைரேகைச் சட்டம்' என்று சொல்வார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது அதன் பெயர். 1911-ம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறமலைக் கள்ளர் உள்பட பல சமூக மக்களை பிறப்பை வைத்தே குற்றவாளிகள் என்று பதிவு செய்து, ரேகை எடுத்து, ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் இருக்க வைத்தார்கள். இன்று சிலர் கேட்கிற கடும் தண்டனை அந்தச் சட்டத்தில் அப்படியே இருந்தது. பதிவு செய்யப்பட்டவர் திருட்டு போன்ற குற்றத்தில் இரண்டாவது தடவை தண்டிக்கப்பட்டால் 7 வருஷத்துக்குக் குறையாமல் ஜெயில். மூன்றாவது தடவை ஆயுள் முழுக்க நாடு கடத்தல்.

என்ன ஆனது? உழைத்துப் பிழைத்த குடும்பஸ்தரும் திருடன் என்ற பெயரோடு ராத்திரி ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டி வந்தது. 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி பெருங்காமநல்லூரில் ரேகை பதிவை எதிர்த்த மக்கள் மீது போலீசார் துப்பாக்கிச்சூடு நடத்தியதில் மாயக்காள் என்ற பெண் உள்பட பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 'ரோசாப்பூ துரை' என்று மதுரை ஜனங்கள் அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் போன்றவர்கள் போராடி, 1947-ம் ஆண்டுதான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது. தனி ஆளின் குற்றத்தை நிரூபிக்கிற சிரமத்தை விட்டுவிட்டு, கூட்டத்தையே சந்தேகப்பட்டதன் விளைவு அது.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2025-ம் ஆண்டு ஜூன் மாதம், மதுரைக்குப் பக்கத்தில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோவில் காவலாளி ஒருவர், காரில் இருந்த நகை காணாமல் போன புகாரில் போலீஸ் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். விசாரணையில் தாக்கப்பட்டு இறந்தார். மதுரை ஐகோர்ட்டு கிளை கடுமையாகக் கேள்வி கேட்டது. போலீசார் கைது செய்யப்பட்டு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த நகை வழக்கில் கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்று சொல்லவே இல்லை. அதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

'அடிச்சு விசாரிச்சாத்தான் உண்மை வரும்' என்று பேசுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதை வைத்து நகையோ, ஆயுதமோ கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும்தான் செல்லும். பேப்பரில் 'ஒப்புக்கொண்டார்' என்று வருவதற்கும் கோர்ட்டில் தண்டனை ஆவதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

பின்னே எதை கடுமையாக்குவது?

முதலில், தடயம். வீட்டுத் திருட்டைக் கண்ணால் பார்த்த சாட்சி கிடைப்பது கஷ்டம். கைரேகை, கேமரா பதிவு, செல்போன் டவர், மீட்ட நகை இவைதான் வழக்கை நிறுத்தும். புதிய சட்டப்படி 7 வருஷம் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும். இதை அமலுக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 வருஷம் வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. வீட்டுத் திருட்டும் இந்த வரம்புக்குள் வருகிறது. பெரிய ஆள் வீட்டுக்கு மட்டும் இல்லாமல், 2 பவுன் போன லைன் வீட்டுக்கும் நிபுணர் வர வேண்டும். கேட்க வேண்டிய கோரிக்கை இதுதான்.

2019-ம் ஆண்டு அக்டோபரில் திருச்சியில் பிரபல நகைக்கடையின் சுவரில் ஓட்டை போட்டு முகமூடி ஆசாமிகள் கோடிக்கணக்கில் நகையை அள்ளிச் சென்றனர். அந்த வழக்கில் முதல் ஆள் சிக்கியது திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில். ராத்திரி ரோந்தும் சோதனையும் செய்கிற வேலையை எந்தச் சட்டத் திருத்தமும் செய்யாது.

இரண்டாவது, திருட்டு நகையை வாங்குகிறவர்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் திருட ஆள் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் 3 வருஷம் வரை. அதையே வழக்கமாகச் செய்தால் 10 வருஷம் அல்லது ஆயுள் தண்டனை வரை (பிரிவு 317). அடகுக்கடை நடத்த லைசென்சும் பதிவேடும் கட்டாயம் என்று 1943-ம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்யும் கடைக்காரர்கள் ஆதார் நகல், செல் நம்பர் வாங்காமல் நகையைத் தொடுவதில்லை. அப்படிச் செய்யாத இடத்தில்தான் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, பறிகொடுத்தவருக்குப் பொருள் திரும்புவது. திருடன் 14 வருஷம் உள்ளே இருந்தால் மகள் கல்யாணம் நடந்துவிடாது. நகை வந்தால்தான் நடக்கும். மீட்ட நகையை ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் வருஷக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, போட்டோ எடுத்து, பட்டியல் எழுதி, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டம் இதற்குக் கெடுவும் வைத்திருக்கிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் பட்டியல், அதன் பிறகு 30 நாளில் ஒப்படைப்பு உத்தரவு. குற்றத்தில் சம்பாதித்த சொத்தை முடக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் அதில் வழி உண்டு.

உங்க வீட்டில் திருடு போனால்...

1. எதையும் தொடாதீர்கள். பீரோ கதவு, ஜன்னல் கம்பி, உடைந்த பூட்டு எல்லாவற்றிலும் ரேகை இருக்கலாம். அக்கம்பக்கத்தார் கூட்டமாக உள்ளே வர வேண்டாம். வீட்டைக் கூட்டிப் பெருக்கவே கூடாது.

2. 100 அல்லது 112-க்கு உடனே போன் செய்யுங்கள்.

3. போன பொருட்களின் பட்டியலை எழுதுங்கள். எத்தனை பவுன், என்ன டிசைன், எங்கே வாங்கியது என்று தனித்தனியாக. பில் இல்லாவிட்டால் கல்யாண போட்டோ, பழைய அடகு ரசீதுகூட உதவும்.

4. சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எப்.ஐ.ஆர். வேறு. ரசீதோடு திருப்பி அனுப்பினால் எப்.ஐ.ஆர். கேளுங்கள். வீட்டுத் திருட்டுப் புகாருக்கு வழக்குப் பதிவு கட்டாயம். இது 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. எப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

5. எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலையவிட்டால், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பது இப்போது சட்டம். அவர்கள் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

6. பதிவு செய்ய மறுத்தால் மாநகரில் கமிஷனர் அலுவலகத்துக்கும், புறநகரில் மாவட்ட எஸ்.பி.க்கும் எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

7. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடிப்பதாக நோட்டீஸ் வந்தால், ஆட்சேபனை சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

8. நகை மீட்கப்பட்டதும் அதைத் திரும்பக் கேட்டு கோர்ட்டில் மனு போடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

9. சாட்சி சொல்ல சம்மன் வந்தால் தவறாமல் போங்கள். புகார் கொடுத்தவரே வராததால் விழுந்துபோகிற வழக்குகளும் உண்டு.

வருமுன் காக்க

சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க குடும்பத்தோடு கிளம்பும்போதும், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ரோந்து போலீசார் ஒரு கண் வைப்பார்கள். வாசலில் பெரிய பூட்டைத் தொங்கவிட்டு, ஊருக்குப் போன போட்டோவை அன்றைக்கே செல்போனில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் கதவு நிலை மேலும் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தெருக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு தெருமுனையில் ஒரு கேமரா வைக்கலாம்.

பேங்க் லாக்கரில் வைத்த நகை பேங்கின் கவனக்குறைவால் திருடு போனால், லாக்கரின் ஒரு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரை பேங்க் பொறுப்பு என்பது 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி.

கடைசியாக...

திருடனுக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. திருட்டையே தொழிலாக வைத்து, தண்டனை முடிந்து வந்த அடுத்த வாரமே அடுத்த வீட்டுப் பூட்டில் கை வைக்கிறவருக்கு கடும் தண்டனை கொடுக்க வேண்டியதுதான். அதற்கு 13-வது பிரிவு இருக்கிறது. கூட்டாளியாக நகையை உருக்குகிறவருக்கு 317-வது பிரிவு இருக்கிறது. ராத்திரியில் புகுந்தவருக்கு 14 வருஷம் இருக்கிறது. இருப்பதைப் பயன்படுத்தாமல் 14-ஐ 20 ஆக்கினால் சட்டப் புத்தகத்தில் ஒரு எண் மாறும். அவ்வளவுதான்.

10 திருட்டில் 8 திருட்டுக்கு ஆள் சிக்கி, ஒரு வருஷத்துக்குள் தீர்ப்பாகி, நகையும் வீட்டுக்கு வந்தால், 3 வருஷ தண்டனையே பெரிய தண்டனை. 10-ல் 8 பேர் தப்பித்தால் 30 வருஷ தண்டனைகூட வெறும் மிரட்டல்தான்.

அதனால் அடுத்த தடவை எம்.எல்.ஏ., எம்.பி. ஓட்டுக் கேட்டு தெருவுக்கு வரும்போது 'தண்டனையைக் கூட்டுங்க' என்பதோடு இதையும் கேளுங்கள்: 'எங்க ஏரியாவில் போன வருஷம் எத்தனை வீட்டில் திருடு போச்சு, எத்தனை பேரைப் பிடிச்சீங்க, எத்தனை பேருக்கு தண்டனை ஆச்சு, எத்தனை வீட்டுக்கு நகை திரும்பி வந்துச்சு?'